கேள்வி நேரத்தில் சொன்னது

பேராசிரியர் ஸ்ரீகரன் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவில் இந்த முறை அவருடைய மகள் பேச வேண்டும் என்று கேட்பதற்காக, வழக்கறிஞர் கமாலுதீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்குத் தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, அவள் குடியிருக்கும் பத்து காவானுக்கு வந்தார். சென்னையிலிருந்து வரவேண்டிய பேச்சாளர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. அழைப்பிதழும் போய்விட்டது. அரசியல் தத்துவத்தைத் தமிழில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் பினாங்கில் எத்தனை பேர் இருப்பார்கள்? கமாலுதீனுக்குத் தெரிந்து பிரஷாந்தி ஒருத்திதான். அவளை இத்தனை வருடமாக அவர் அழைத்ததேயில்லை.

"அண்ணே, நான் ஸ்பீச் தெராபிஸ்ட். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்குத் திரும்பப் பேசக் கத்துக் குடுக்கிறவ. நான் போய் என்னத்தப் பேச?"

"அந்தப் புத்தகத்த டைப் பண்ணது யாரு? ஒவ்வொரு வரிக்கும் அவர்கூடச் சண்டை போட்டது யாரு? நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன்லா."

பிரஷாந்தியின் கணவன் ஜாஹிர் தேநீரைக் கொண்டுவந்து வைத்தான். அவன் அங்கேயே ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். அவன் முகத்தைப் பார்க்காமல் கமாலுதீன் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நீ சரின்னா, நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா அவங்க என்மேல கோவப்பட மாட்டாங்க. ஆனா ராத்திரியெல்லாம் தூங்க மாட்டாங்க."

அவர் போன பிறகு ஜாஹிர், "உனக்கு மனசு இருந்தா போ லா" என்றான். "அந்த வீடியோவெல்லாம் நீ கார் பார்க்ல உட்கார்ந்து பார்க்கிறது எனக்குத் தெரியும்."

ஒவ்வோர் ஆண்டும் பேச்சு முடிந்து காணொளி வந்ததும், மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் தனியாகப் பார்ப்பாள். முதல் வரிசையில் பட்டுச் சேலையோடு அம்மா உட்கார்ந்திருப்பாள். மேடைக்குப் பின்னால் தொங்கும் பதாகையில் அப்பாவின் முகமும், அவர் எழுதிய ஒரு வரியும் இருக்கும்: 'ஒருவர் தன் மனத்துக்குள் எடுக்கும் முடிவுக்குக் காவல் நிற்பதே மற்றவரின் கடமை, வாசலை மறிப்பது அல்ல.' கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்த வரியை டைப் செய்தது அவள்தான். 'மற்றவரின் கடமை' என்பது கட்டளை போலக் கேட்கிறது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் வாதாடினாள். அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார், ஆனால் மாற்றவில்லை.

ஸ்ரீகரனின் தகப்பன் கந்தப்பு யாழ்ப்பாணத்திலிருந்து மலாயா ரயில்வேக்கு எழுத்தராக வந்தவர். மகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பாடம் நடத்தினாலும், எழுதுவதைத் தமிழில்தான் எழுதினார். எங்கள் ஆட்கள் தங்கள் உரிமையைப் பற்றித் தங்கள் மொழியில் யோசிக்கப் பழகவேண்டும் என்பார். மனச்சாட்சியைப் பற்றி அவர் எழுதிய சிறிய நூலைப் படித்துவிட்டு வேலையை விட்டவர்கள் உண்டு, தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர்கள் உண்டு. கமாலுதீன் அதைப் படித்துத்தான் வழக்கறிஞரானார். கிரீன் லேனில் இருந்த பேராசிரியர் வீட்டு மேசையில் பிள்ளைபோலச் சாப்பிட்டு வளர்ந்தவர் அவர். நோன்புப் பெருநாளன்று கமாலுதீன் வீட்டு வாசலில் முதலில் வந்து நிற்பது பேராசிரியராகத்தான் இருக்கும்.

அதனால்தான் பிரஷாந்தி, ஜாஹிரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதையும் இஸ்லாத்தைத் தழுவ முடிவு செய்திருப்பதையும் அம்மாவுக்கு முன் அப்பாவிடம் சொன்னாள். முஸ்லிமை மணப்பவர் மதம் மாறவேண்டும் என்கிற சட்டத்துக்காக மட்டும் இல்லை, எனக்கே மனம் வந்துதான் என்று விளக்கினாள். அப்பாவுக்குப் புரியும் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அது உன்ர முடிவு. அதில நான் கை வைக்கேலாது. ஆனா இனி நீ இஞ்ச வரவேண்டாம்."

குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் ஒரு பாடத்தை முடிப்பதுபோல முடித்துவிட்டு எழுந்து போனார். கோபம் என்றால் ஆறும் என்று அவள் காத்திருந்தாள். குழந்தை இமான் பிறந்தபோது படம் அனுப்பினாள். கமாலுதீன் ஒருமுறை பேசிப் பார்த்தார். "அந்த அத்தியாயத்தை நாங்கள் வாசிக்க வேண்டாம்" என்று பேராசிரியர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். சாருக்குக் கோபம் மார்க்கத்தின் மேல் இல்லை என்று கமாலுதீன் அடித்துச் சொல்லுவார். பிறகு எதன் மேல் என்று கேட்டால் வழக்குக்கு நேரமாகிவிட்டது என்பார்.

ஐந்து வருடம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் காலையில் அம்மா தொலைபேசியில் அழைத்தாள். "அப்பாவுக்குக் கை விழுந்திட்டுது. கதைக்கிறாரில்லை."

பிரஷாந்தி மருத்துவமனை வார்டுக்குப் போனபோது அப்பா ஜன்னலோரப் படுக்கையில் இருந்தார். பக்கவாதம் வந்து மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டிருந்தது. பேச்சு முழுக்கப் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. வேண்டாம். தண்ணீர் கொடுத்தாலும் வேண்டாம். விளக்கை அணைத்தாலும் வேண்டாம். மருத்துவர் பெயரைக் கேட்டாலும் வேண்டாம். இப்படி ஒற்றைச் சொல் நாவில் ஒட்டிக்கொண்டு நிற்பதை அவள் பல நோயாளிகளிடம் பார்த்திருக்கிறாள். ஒருவருக்கு 'ஆமா ஆமா', இன்னொருவருக்கு மனைவியின் பெயர், ஒரு சீனப் பெரியவருக்குக் கெட்ட வார்த்தை. அதற்குப் பொருள் இருக்கவேண்டிய அவசியமில்லை, மனத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று அழுகின்ற குடும்பத்தாருக்கு அவளே எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அவளுடைய முகத்தையும் தலைத்துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "வேண்டாம்" என்றார்.

மறுநாளும் போனாள். இடக்கையைப் பிடித்துத் தாளம் தட்டி, அதற்கேற்பச் சொல்லை இழுத்துப் பாடவைக்கும் பயிற்சியைத் தொடங்கினாள். அந்நியர்களிடம் எத்தனையோ முறை செய்து வெற்றி கண்ட வேலைதான். மூன்றாம் நாள் அவளைக் கண்டதுமே, "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று தொடங்கிவிட்டார். குரல் ஏறிக்கொண்டே போனது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து வந்துவிட்டாள். பிறகு போகவில்லை. இரண்டாவது முறை மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்த செய்தி வந்தபோது அவள் வேறொருவருக்கு 'அ' சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். அவளும் ஜாஹிரும் மயானத்தின் வெளிக் கதவருகே நின்றார்கள்.

அதன் பிறகுதான் அம்மா கமலாம்பிகை பத்து காவானுக்கு வர ஆரம்பித்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஜாஹிர் காரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவான். இமானுக்குத் தலை பின்னிவிடுவாள். தாயும் மகளும் அப்பாவைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். கத்தரிக்காய்க் குழம்புக்கு அவர் எப்படி உயிரை விடுவார், மழைக்காலத்தில் எப்படி இருமுவார் என்றெல்லாம். நடுவில் போன அந்த ஐந்து வருடத்தை மட்டும் இருவரும் தொடமாட்டார்கள். அந்த இடம் வந்தால் இமானைக் கூப்பிடுவார்கள், அல்லது அடுப்பைப் பார்க்க ஒருத்தி எழுந்து போவாள்.

கமாலுதீன் கேட்டதைச் சொல்ல பிரஷாந்தி கிரீன் லேனுக்குப் போனாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்த பிறகும் கை நிற்கவில்லை.

"என்னத்தைப் பேசப் போறாய்?"

"அப்பா எழுதினதப் பத்தி."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தாள். "வீட்டு விசயம் ஒண்டும் மேடையில வரக்கூடாது பிள்ளை. உனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனா அந்த மனுசனுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது அந்தப் பேர் ஒண்டுதான். எனக்கும் அதுதான்."

"சரிம்மா."

மனதாரத்தான் சொன்னாள். அம்மாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. எந்த நிறத்தில் உடுத்தப் போகிறாய், தலைத்துணிக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்றெல்லாம் பேச ஆரம்பித்தாள். அந்தத் துணியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமைப் பிற்பகல். பீச் ஸ்திரீட்டில் பழைய வணிகக் கட்டடம் ஒன்றின் மேல்மாடி மண்டபம். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், தொழிற்சங்கக்காரர்கள், கமாலுதீனின் மனைவி நோர்மா அழைத்து வந்த அவருடைய சிநேகிதிகள். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜாஹிரும் இமானும் அவள் பக்கத்தில். இமான் அம்மம்மாவின் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிரஷாந்தி நன்றாகப் பேசினாள். அவளே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகப் பேசினாள். பேச்சிழந்தவர்களோடு வேலை செய்கிறவள் என்ற இடத்திலிருந்து தொடங்கினாள். சொல் போனவருக்கு அறிவு போய்விடுவதில்லை. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்காகப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அவருக்குப் பசிக்கவில்லை, அவருக்கு வெளிச்சம் பிடிக்காது, அவர் எப்போதும் இப்படித்தான். ஒருவருக்காக இன்னொருவர் பேசத் தொடங்கும் இடத்தில்தான் அதிகாரம் பிறக்கிறது என்று தன் அப்பா எழுதியதை அவள் வார்டுக்குள் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கிருந்து வீடு இழக்கும் வாடகைக்காரர்களுக்கும், மொழி தெரியாத வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வந்தாள். சுதந்திரம் என்பது எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது என்று முடித்தாள். கமாலுதீன் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அம்மா பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் ஏதோ சொல்ல, அந்தப் பெண் தலையாட்டிச் சிரித்தாள்.

பிறகு கேள்வி நேரம். ஓர் ஆசிரியர் கேள்வி கேட்பதாகச் சொல்லிவிட்டுத் தன் கருத்தை நீளமாகப் பேசினார். ஒரு மாணவி தேர்தலைப் பற்றிக் கேட்டாள். கமாலுதீன் கடிகாரத்தைப் பார்த்தபோது நடு வரிசையில் ஒருவன் எழுந்தான். இருபத்தைந்து, முப்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சட்டை, கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்.

"அக்கா, என் பேர் வேலு. சுங்கை பினாங்லதான் பொறந்து வளர்ந்தேன். மாக் மண்டின்ல ஃபேக்டரி வேலை. ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வர்றேன், சாரி." மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருந்ததால் மூச்சும் சேர்ந்து கேட்டது. "நான் ஒரு சீனப் பொண்ணக் கட்டிக்கிட்டேன். எங்க அப்பா என்கூடப் பேசறதில்ல. வீட்டுக்கு வராதன்னு சொல்லிட்டாரு. பேராசிரியர் புக்க வாங்கி அவருக்குக் குடுத்து அனுப்பினேன். தொட்டுக்கூடப் பார்க்கலன்னு அம்மா சொல்றாங்க. நீங்க இவர் மாதிரி ஒரு அப்பாகிட்ட வளர்ந்தவங்க. குடுத்து வச்சவங்க. அதனாலதான் கேக்கிறேன். எங்க அப்பாகிட்ட என்ன சொன்னா அவர் கேப்பாரு?"

கூட்டத்தில் யாரோ 'பாவம்' என்று முணுமுணுத்தார்கள்.

பிரஷாந்திக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொறுமையாக இருங்கள், காலம் போனால் அப்பா மனம் இளகும். எந்த மேடையிலும் சொல்லக்கூடிய பதில். அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. மகள் அழகாக ஒரு பதிலைச் சொல்லிவிடுவாள் என்று நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலு இன்னும் நின்றுகொண்டிருந்தான். இவன் அந்தப் பதிலை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவான், அதை நம்பிக் காத்திருப்பான் என்று பிரஷாந்திக்குத் தோன்றியது.

"தம்பி," என்றாள், "எங்க அப்பாவும் என்கூடப் பேசல."

ஒலிபெருக்கி சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பலர், காதில் விழாததுபோல, முன்னால் சாய்ந்தார்கள்.

"நான் முஸ்லிம் ஆகி இவரைக் கட்டிக்கப் போறேன்னு சொன்னப்ப, இனிமே வீட்டுக்கு வராதேன்னு சொல்லிட்டார். இந்தப் புத்தகத்த எழுதின அதே மனுஷர்தான். புத்தகம் பொய் இல்ல தம்பி. அவர் நம்பித்தான் எழுதினார். யாரு வந்து கேட்டிருந்தாலும் அவங்களுக்காக நின்னிருப்பார். நான் அவர் மகளாப் போயிட்டேன்."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"அப்புறம் ஸ்ட்ரோக் வந்துச்சு. வேண்டாம்ங்கிற சொல் ஒண்ணத் தவிர எதுவும் வரல. என்னைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். அது வெறும் சத்தமா இருக்கலாம். அது எனக்குத் தெரியும், அதத்தான் படிச்சிருக்கேன். ஆனா அங்க உட்கார்ந்திருந்தது மகள்தானே. எழுந்து வந்துட்டேன். திரும்பிப் போறதுக்குள்ள அவர் போயிட்டார். உங்க அப்பா என்ன சொன்னா கேப்பார்னு எனக்குத் தெரியாது. நீங்க போங்க. அவர் இருக்கும்போதே போங்க. துரத்தினா மறுபடி போங்க. வேற எதுவும் எனக்குத் தெரியல."

வேலு உட்காரவில்லை. ஹெல்மட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தான்.

பின்வரிசையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில் அது எவ்வளவு தவறாக ஒலித்தது! ஆனால் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள், ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அம்மாவும் எழுந்தாள். அவளும் கைதட்டத்தான் எழுகிறாள் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் இமானின் விரல்களைத் தன் வளையல்களிலிருந்து மெல்ல விலக்கிவிட்டு, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கக் கதவு வழியாக வெளியே போனாள்.

மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரஷாந்தி வந்தபோது அம்மா மரப்படிக்கட்டின் வளைவில் நின்றிருந்தாள். நோர்மா அவள் கையைப் பிடித்திருந்தாள். பிரஷாந்தியைக் கண்டதும் நோர்மா கையை விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

"அம்மா."

"நீ எனக்குச் சரி எண்டு சொன்னனி."

"அந்தத் தம்பி கேட்டப்ப என்னால பொய் சொல்ல முடியலம்மா."

"நான் பொய் சொல்லச் சொன்னனானே? சும்மா இருக்கத்தானே சொன்னனான்." அம்மா அழவில்லை. மூச்சுத்தான் வாங்கியது. "எல்லாருக்கும் சொல்லிப்போட்டாய். நீ சொன்னது எல்லாம் உண்மைதான். நானும் அந்த வீட்டிலதானே இருந்தனான். ஆனா அவர் இனி வந்து பதில் சொல்லேலுமோ? ஒருத்தர் கதைச்சு முடிக்கும்வரைக்கும் காத்திருக்க வேணும் எண்டு இப்பத்தானே மேடையில சொன்னாய். அவர் எப்ப கதைச்சு முடிச்சவர்?"

பிரஷாந்தி படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும் அந்தச் சொல்லைத்தான் சொன்னவர்," என்றாள் அம்மா. "கடைசி நாள் பின்னேரம், வீட்டை போய்க் குளிச்சிட்டு வாறன் எண்டு எழும்பினனான். கையைப் பிடிச்சுக்கொண்டு வேண்டாம், வேண்டாம் எண்டவர். போக வேண்டாம் எண்டு சொல்லுறார் எண்டு நான் அப்பிடியே இருந்திட்டன். அவர் என்ன நினைச்சுச் சொன்னாரோ, எனக்கு என்ன தெரியும்? நான் அப்பிடி எடுத்துக்கொண்டனான். நீயும் அப்பிடி எடுத்திருக்கலாம் பிள்ளை."

போக வேண்டாம். பிரஷாந்தி அந்தச் சொல்லை எவ்வளவோ ஆராய்ந்திருந்தாள். நோயின் அடையாளமாக, பொருளற்ற ஒலியாக, விலக்கி வைத்தவரின் கடைசித் தீர்ப்பாக. அதற்கு முன்னால் இன்னொரு சொல்லைச் சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மூன்றாம் நாள் அவள் கதவுவரை நடந்துபோனபோது பின்னால் ஏறிக்கொண்டே வந்த அந்தக் குரலை இப்போது மறுபடி கேட்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவளைக் கடந்து, ஒவ்வொரு படியாகக் காலை ஊன்றி, கீழே இறங்கிப் போனாள். நோர்மாவின் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கேள்வி நேரத்தில் அவள் சொன்னதை மட்டும் யாரோ வெட்டி எடுத்து இணையத்தில் போட்டார்கள். சில நாளிலேயே அது எங்கெங்கோ போய்விட்டது. மகள் மதம் மாறினால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான் என்று ஒரு பக்கம் எழுதினார்கள். ஊருக்குத்தான் உபதேசம், இவரெல்லாம் ஒரு தத்துவவாதியா என்று இன்னொரு பக்கம் சிரித்தார்கள். எழுதிய யாரும் அந்தச் சிறிய நூலைக் கையால் தொட்டவர்களாகத் தெரியவில்லை. பிரஷாந்தி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஜாஹிர் தொலைபேசியை வாங்கி அலமாரிக்குள் வைத்தான்.

கமாலுதீன் அழைத்தார். ஏற்பாட்டுக் குழு கூடியதாம். "சொற்பொழிவ நிறுத்தலம்மா. அடுத்த வருஷம் வேணாம், கொஞ்சம் ஆறட்டும்னு சொல்றாங்க." அவரே தொடர்ந்தார். "நீ சொன்னதுல தப்பு இல்ல. அந்த வேலு பையன் அவன் அப்பாவைப் பார்க்கப் போயிருக்கான், தெரியுமா? கதவத் திறந்தாராம். ஒண்ணும் பேசலையாம், ஆனா திறந்தாராம்." பிறகு அவர் குரல் உடைந்தது. "எனக்கு என் சாரைத் திரும்பக் கொண்டுவர முடியல தங்கச்சி. அவர் பேரச் சொன்னாலே இப்ப எல்லாருக்கும் அதுதான் ஞாபகம் வருது."

அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. வழக்கமான ஞாயிறன்று ஜாஹிர் கிரீன் லேனுக்குப் போனான். உடம்பு சரியில்லை என்று கம்பிக் கதவுக்கு உள்ளிருந்தே சொல்லி, இமானுக்கென்று ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்து அனுப்பினாள். அதற்கடுத்த மாதம் அவளே அழைத்தாள்.

"நான் சிரம்பானுக்குப் போறன். தங்கச்சியோட இருக்கப் போறன். வீட்டை வாடகைக்கு விடச் சொல்லிக் கமாலிட்டச் சொல்லிட்டன்."

"எத்தனை நாளைக்கும்மா?"

"பார்ப்பம்."

பட்டர்வொர்த் ரயில் நிலையத்துக்குப் பிரஷாந்திதான் காரில் கொண்டுபோய்விட்டாள். அதை அம்மா மறுக்கவில்லை. பாலத்தில் போகும்போது கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின் இருக்கையில் இமான் பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நடைமேடையில் குழந்தை அம்மம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மம்மா, அடுத்த சண்டே வருவீங்களா?" என்றாள். அம்மா குனிந்து அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

பெட்டியை ரயிலுக்குள் ஏற்றி, இருக்கைக்கு மேலே வைத்துவிட்டு, பிரஷாந்தி அம்மாவின் முன்னால் நின்றாள். தண்ணீர் போத்தலை வலையில் செருகினாள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளச் சால்வையை எடுத்து மடியில் வைத்தாள். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"அப்பாவ அசிங்கப்படுத்தணும்னு நான் சொல்லலம்மா."

"தெரியும் பிள்ளை." அம்மா சால்வையைப் பிரித்தாள். "அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு. நான் என்ன செய்ய?"

பிரஷாந்தி குனிந்து அம்மாவின் நெற்றியில் கன்னத்தை வைத்தாள். அம்மா விலகவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. கதவு மூடப்போகிறது என்று மலாயில் அறிவித்தார்கள். இறங்கி இமானின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரயில் புறப்பட்டபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி இமானுக்குக் கையசைத்தாள்.

அன்று மாலையில் சமைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. சிரம்பானிலிருந்து சின்னம்மா.

"அம்மா வந்து சேர்ந்திட்டா பிள்ளை. சுகமாய் வந்தவ. அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"அம்மாகிட்டக் குடுங்க சின்னம்மா."

மறுமுனையில் சின்னம்மா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டதுபோலச் சத்தம் அடங்கி, மறுபடி வந்தது.

"களைப்பில படுத்திட்டா. நாளைக்குப் பேசச் சொல்லுறன், என்ன?"

அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. ரயிலுக்குள் ஒரே குளிர், வழியெல்லாம் போர்த்திக்கொண்டுதான் வந்தேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சரி சின்னம்மா," என்றாள் பிரஷாந்தி. ஆனாலும் சின்னம்மா வைக்கும்வரை அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.